கொதிக்கும் நிலத்தின் மேல் ஓர் ஊர்: ரோட்டோருவாவை நடந்து பார்ப்பது

ரோட்டோருவா கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் பட்டுவிடும். பேருந்தை விட்டு இறங்கிய கையோடு கூமுட்டை வாடை. எங்கேயாவது சாக்கடை உடைந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்ப்போம். ஊர்க்காரர்கள் பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நமக்கும் பழகிவிடும். வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. புல்தரை, மழைநீர்க் குழி, நடைபாதை விரிசல் என்று கிடைத்த சந்திலெல்லாம் அது ஆவியோடு சேர்ந்து மேலே வருகிறது.

மூக்கோடு நின்றால் பரவாயில்லை. இந்த வாயு செம்பைக் கறுக்கவைக்கும், வெள்ளியைக் கறுக்கவைக்கும், ஈயம் கலந்த வெள்ளைப் பெயின்டைக்கூடக் கறுப்பாக்கிவிடும். குழாய், மின்கம்பி, ஆணி எதையும் சும்மா விடாது. காற்றோட்டமில்லாத அறையில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட நிலத்தில் வீடும் கோயிலும் கட்டி வாழ்வது எப்படி? நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கும் இந்த ஊர் அந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஒன்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் பதில். இன்னொன்று பிரிட்டிஷ் காலனி அரசின் பதில். இரண்டும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் நிற்பதுதான் விசேஷம். வழிகாட்டி யாரும் தேவையில்லை, நல்ல செருப்பும் அரை நாளும் போதும்.

ஊர் உட்கார்ந்திருப்பது ஒரு பழைய எரிமலை வாயில். சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் பெரிய வெடிப்பு ஒன்றில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிப்போக, மேல்நிலம் உள்வாங்கிக் குழியானது. குழியில் நீர் நிறைந்து ஏரியானது. மாவோரி மொழியில் ரோட்டோ என்றால் ஏரி, ருவா என்றால் இரண்டு. ஈஹெங்கா என்ற முன்னோர் இரண்டாவதாகக் கண்ட ஏரி என்பது மரபுக்கதை. அவர் குலமான தே அராவா மக்களின் ஊர் இது. பெயர்களை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கில எழுத்தில் டபிள்யூ-ஹெச் என்று தொடங்கும் மாவோரிச் சொற்களை இங்கே பெரும்பாலும் 'ஃப' என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

வழக்கமாக எல்லோரும் நடையை அரசுப் பூங்காவில் தொடங்குவார்கள். நான் சொல்வது தலைகீழ். ஏரிக்கரையில் மேற்குப் பக்கம் இருக்கும் ஓஹினேமுத்து கிராமத்தில் தொடங்குங்கள். நகரம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற ஊர் அதுதான்.

ஓஹினேமுத்து ஙாட்டி ஃபகாவுவே குலத்தாரின் கிராமம். இன்றும் குடும்பங்கள் வாழ்கிற தெரு, காட்சிப்பொருள் கிடையாது. வீட்டு வேலியோரம் ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். கொல்லையில் ஒரு பெட்டி மாதிரி தெரிந்தால் அது சமையல் பெட்டி: பூமியின் ஆவி நேராக உள்ளே வரும், இறைச்சியையும் கிழங்கையும் வைத்து மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இட்லிப் பானைக்கு அடுப்பைப் பூமியே பற்றவைத்துக் கொடுத்தது போல. கொதிக்கிற ஊற்று சமைக்க, சற்று ஆறியது குளிக்க, வெதுவெதுப்பானது துவைக்க என்று வெப்பத்தைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொண்டது இவர்கள் வழக்கம். எங்கே குடியிருப்பது, எங்கே கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அவர்கள் சூட்டோடு சண்டை போடவில்லை, அதற்குத் தக்கபடி ஊரை ஒதுக்கிக்கொண்டார்கள்.

கிராமத்தின் நடுத்திடலில் தமாதேகாபுவா என்ற சபைக்கூடம் இருக்கிறது. இந்த வகைக் கூடத்துக்கு ஃபரெனுயி என்று பெயர், பெரிய வீடு என்று பொருள். 1870களில் எழுந்த பழைய கூடத்தை மீண்டும் கட்டி 1943இல் திறந்தார்கள். பழைய செதுக்கல்களில் சில உள்ளே உண்டு. பெயர் தே அராவா முன்னோர்கள் வந்த தோணியின் தலைவருடையது. பொய்க்காலில் ஏறி நின்று அடுத்தவர் மரத்தில் பழம் திருடியவர் என்று அவரைப் பற்றிக் கதை. முன்னோரின் குறும்பையும் மறைக்காமல் சொல்கிற மரபு எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கூடத்தின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். இது அந்த முன்னோரின் உடம்பு. உவமையாகச் சொல்லவில்லை, பாகம் பாகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். முகப்பின் உச்சியில் இருக்கும் செதுக்கிய முகம் அவர் முகம். அங்கிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் பலகைகள் விரித்த கைகள், அந்தப் பலகைகளின் நுனியில் பிளவு பிளவாகத் தெரிவது விரல்கள். உள்ளே மோட்டில் ஓடும் நீண்ட உத்திரம் முதுகெலும்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். சுவரோரத் தூண் ஒவ்வொன்றும் ஒரு மூதாதை, செதுக்கிய உருவமாக நிற்கிறார். தூண்களுக்கு இடையில் பின்னல் வேலைத் தட்டிகள், கைமரங்களில் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் சுருள் கோலங்கள். முன்னால் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம். உள்ளே போகிறவர் முன்னோரின் வயிற்றுக்குள் போய் உட்காருகிறார். அதனால்தான் செருப்பைக் கழற்றவேண்டும், அழைப்பில்லாமல் நுழையக்கூடாது. அழைப்பு இல்லையென்றால் வெளியே நின்று பார்த்தாலே நிறைய இருக்கிறது.

திடலுக்கு எதிரே புனித ஃபெயித் தேவாலயம். இப்போதிருக்கும் கட்டடம் 1914இல் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்து எடுத்துவந்து வைத்தது போல இருக்கும்: வெளிர் சுவர், கருமரச் சட்டங்கள், செங்குத்துக் கூரை. டியூடர் பாணி என்பார்கள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வீட்டுக்கலை, பழைய நினைவில் திரும்பக் கட்டியது. கதவைத் திறந்து உள்ளே போனால் அந்த இங்கிலாந்து காணாமல் போய்விடும். செதுக்கிய தூண்கள், பின்னல் தட்டிகள், சுருள் கோலங்கள் என்று சற்றுமுன் பார்த்த சபைக்கூடத்தின் மொழியே இங்கும். ஏரிப் பக்கம் ஒரு சிற்றாலயம் சேர்த்திருக்கிறார்கள். அதன் கண்ணாடிச் சாளரத்தில் இயேசு, மாவோரித் தலைவர்கள் போர்த்தும் மேலங்கியோடு செதுக்கப்பட்டிருக்கிறார். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் நிஜமான ஏரி தெரியும், அவர் அந்த நீரின் மேல் நடந்து வருவார். பைபிளில் இயேசு நடந்த கலிலேயாக் கடல் ரோட்டோருவாவுக்கு வந்துவிட்டது. செதுக்கியவர் செய்தது பாதி, உட்காரும் இடத்தை யோசித்து வைத்தவர் செய்தது மீதி. உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்கிறார்கள், எடுத்தாலும் இந்த அனுபவம் படத்தில் வராது.

தேவாலயத்தை ஒட்டிய கல்லறைகளைக் கவனியுங்கள். குழி தோண்டிப் புதைத்தவை இல்லை, நிலத்துக்கு மேலே கட்டிய வெள்ளைப் பெட்டகங்கள். தோண்டினால் கீழே சூடு. செத்தவர்களை வைக்கும் முறையைக்கூட இந்த நிலம்தான் முடிவு செய்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட 28ஆம் மாவோரிப் படைப்பிரிவு வீரர்களின் நினைவும் இங்கே இருக்கிறது. பக்கத்தில் செதுக்கிய விதானத்துக்கு அடியில் விக்டோரியா அரசியின் மார்பளவுச் சிலை. 1870இல் அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் தே அராவா மக்களுக்குத் தந்தது, போர்களில் அரசுப் பக்கம் நின்றதற்கு மரியாதையாக. மாவோரிச் செதுக்கலுக்குக் கீழே லண்டன் அரசி. யார் யாருக்கு நிழல் தருகிறார்கள் என்று பார்க்கிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இனி நகரத்துக்குள் போகலாம். போகிற வழியில் ஊர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, தெருக்களின் பெயர்ப்பலகையிலேயே அந்தக் கதை இருக்கிறது. 1880இல் பூர்வகுடி நில நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஃபிரான்சிஸ் ஃபென்டன், ஙாட்டி ஃபகாவுவே தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். நிலம் மாவோரிகளுடையதாகவே இருக்கும், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம், அரசு நடுவில் நின்று வாடகை வசூலித்துத் தரும், பூங்காவுக்கும் மருத்துவமனைக்கும் பொது நிலங்களை மக்கள் விட்டுத்தருவார்கள். மறு ஆண்டே வெந்நீர் ஊற்று மாவட்டங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அரசே ஒரு சுகவாச நகரத்தைத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கியது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் குத்தகை எடுத்தவர்கள் பணம் கட்டவில்லை, எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, பத்தாண்டுக்குள் நகர நிலத்தை அரசே வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்கின் மனக்குறை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஊரின் முக்கியச் சாலைக்கு ஃபென்டன் பெயர். அதை அடுத்த தெருக்களில் ஹினேமோவாவும் தூதானேகாயும். ஏரி நடுவே இருக்கும் மோகோயா தீவிலிருந்து காதலன் தூதானேகாய் குழல் ஊத, படகுகளை வீட்டார் இழுத்துக் கட்டிவிட்டதால் சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு நீந்தியே போய்ச் சேர்ந்த பெண் ஹினேமோவா. நகரத்தில் அந்த இரண்டு தெருவும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. சதுரம் சதுரமாகக் கோடு போட்ட அதிகாரிக்குக் கொஞ்சம் ரசனை இருந்திருக்கிறது.

தூதானேகாய் தெருவின் ஏரிப்பக்க முனை இப்போது உணவகத் தெரு. குளிர்காலத்தில் அங்கே தரையைத் தொட்டுப் பாருங்கள்: பூமிச்சூட்டைக் கொண்டே நடைபாதையை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சூடு கேட்கக் கேட்கக் கிடைப்பதில்லை. ஊர்க்காரர்கள் ஆழ்குழாய் போட்டு வீட்டைச் சூடாக்கிக்கொள்வது பரவலானபோது ஊற்றுகளும் ஃபகாரெவாரெவாப் பள்ளத்தாக்கின் வெந்நீர் பீறிடும் ஊற்றுகளும் தளர ஆரம்பித்தன. அங்கிருக்கும் போஹுட்டு என்ற பெரிய ஊற்றிலிருந்து 1.5 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளை மூடும்படி 1986இல் அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது. பிறகு ஊற்றுகள் தெம்பு பிடித்தன.

ஃபென்டன் சாலையில் கடிகாரக் கோபுரத்தோடு ஒரு பழைய அஞ்சலகம், 1914. பிற்பாடு சுற்றுலாத் தகவல் மையமானது. பாருங்கள், மறுபடியும் அதே டியூடர் சாயல். தேவாலயம், அஞ்சலகம், அடுத்துப் பார்க்கப்போகும் குளியல் மாளிகை மூன்றும் ஆறே ஆண்டு இடைவெளிக்குள் எழுந்தவை. கடல் கடந்து வரும் பணக்கார நோயாளிக்கு 'இது நம் ஊர் மாதிரிதான்' என்ற தைரியம் தரவேண்டும், அவ்வளவுதான் நோக்கம் என்று நினைக்கிறேன். நியூசிலாந்து அரசு 1901இலேயே சுற்றுலாவுக்கென்று தனித் துறை தொடங்கிவிட்டது. அந்தத் துறையின் செல்லப்பிள்ளை ரோட்டோருவா.

பூங்காவுக்குள் நுழைந்தால் அந்தக் குளியல் மாளிகை கண்ணை நிறைக்கும். 1908இல் திறந்தது. கூர்ங்கோபுரங்கள், முக்கோண முகப்புகள், கருமரச் சட்டங்கள், முன்னால் மழமழவென்று பந்தாட்டப் புல்தரை. ஆர்தர் வோல்மன் என்ற ஆங்கில மருத்துவரை அரசு நீர்மருத்துவ நிபுணராக நியமித்திருந்தார்கள். ஐரோப்பிய ஊற்று நகரங்களுக்கு ஈடாக இங்கும் ஒன்று வேண்டும் என்பது கனவு. வெந்நீர்க் குளியல், சேற்றுக் குளியல், மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை எல்லாம் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், போரில் காயம்பட்டவர்கள் வந்தார்கள்.

ஆனால் நிலம் விடவில்லை. தரைக்கு அடியில் ஓடிய குழாய்களை வாயு அரித்தது, உள்பூச்சை ஆவி உரித்தது. திறந்த நாளிலிருந்தே பழுதுபார்ப்புதான். ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கதை. மருத்துவத்தில் குளியலின் மவுசு குறைந்ததும் அரசு கட்டடத்தை நகரத்துக்குக் கைமாற்றியது. 1969இல் அருங்காட்சியகம் உள்ளே வந்தது. ஆரம்ப வரைபடத்தில் இருந்து கட்டப்படாமலே போன பகுதியை 2011இல்தான் முடித்தார்கள், நூறாண்டு தாமதம். ஐந்தே ஆண்டில், 2016 நவம்பரில், கைக்கூரா நிலநடுக்கத்துக்குப் பிறகு பரிசோதித்துப் பார்த்து, உறுதி போதாது என்று பூட்டிவிட்டார்கள். வலுப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உள்ளே போகமுடியாவிட்டாலும் சுற்றி நடந்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள், இந்தக் கட்டடத்தின் பிரமாதமே அந்த வெளித்தோற்றம்தான்.

பக்கத்திலேயே நீலக் குளியலகம், 1933. இருபத்தைந்தே ஆண்டுதான் இடைவெளி, ஆனால் உலகம் மாறியிருக்கிறது. டியூடரும் இல்லை, நோயாளிகளும் இல்லை. வெள்ளைச் சுவர், வளைவுகள், ஓட்டுக்கூரை: கலிஃபோர்னியா வழியாக வந்த ஸ்பானிய மிஷன் பாணி. அரசுத் தலைமைக் கட்டடக்கலைஞர் ஜான் மேரின் காலத்து வேலை. வைத்தியத்துக்கு இல்லை, சும்மா நீந்தி விளையாட. ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் இறங்கலாம் என்பது அந்நாளில் பெரிய விஷயம். 1982இல் மூடி, 1999இல் திறந்து, நிலநடுக்க அச்சத்தால் பிறகு மறுபடியும் மூடினார்கள்.

பூங்காவின் ஏரிப்பக்கம் ராக்கேல் ஊற்று கொதித்துக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் பாதிரியார் ஊற்றுக்கு, 1878இல் மூட்டுவலியோடு இங்கே வந்து குணமான ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரால் அந்தப் பெயர். பூங்காவில் கமில் மால்ஃபுருவா என்ற பொறியாளர் குழாய் போட்டு, வால்வு வைத்து, செயற்கையாகப் பீறிடும் ஊற்றுகளைக்கூடச் செய்தார். இயற்கையில் இத்தனை இருந்தும் போதவில்லை.

இந்த நடையில் பார்க்கமுடியாத ஒரு கட்டடத்தையும் சொல்லியாக வேண்டும். ரோட்டோருவாவுக்குத் தென்கிழக்கே தே வைரோவா கிராமத்தில் 1881இல் ஹினேமிஹி என்ற சபைக்கூடம் எழுந்தது. இளஞ்சிவப்பு, வெள்ளை நிறத்தில் படிப்படியாக இறங்கிய சிலிக்காப் பாறைத் தளங்களைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். பணம் கொழித்தது. மாவோரிச் செதுக்கல்களின் கண்ணுக்கு வழக்கமாகப் பளபளக்கும் சிப்பி வைப்பார்கள், ஹினேமிஹியில் தங்க நாணயங்களை வைத்தார்கள். 1886 ஜூன் 10 அதிகாலை தாராவேரா எரிமலை வெடித்தது. பாறைத் தளங்கள் போயின, சுமார் 120 பேர் இறந்தார்கள். மேலே விழுந்த சேற்றையும் சாம்பலையும் தாங்கி நின்ற சில கூரைகளுக்கு அடியில் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். ஹினேமிஹி அதில் ஒன்று, வழிகாட்டி சோஃபியா ஹினேராங்கியின் வீடு இன்னொன்று. பிழைத்தவர்களில் பலர் ஃபகாரெவாரெவாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே பயணிகளுக்கு வழிகாட்டுவது தலைமுறைத் தொழிலாகத் தொடர்கிறது. சேற்றில் பாதி புதைந்து நின்ற ஹினேமிஹியை 1892இல் ஆளுநர் ஆன்ஸ்லோ பிரபு 50 பவுண்டுக்கு வாங்கி இங்கிலாந்தில் தன் கிளாண்டன் பார்க் மாளிகைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முதல் உலகப்போரில் காயம்பட்டு அங்கே தங்கிய நியூசிலாந்து வீரர்கள் அதைக் கண்டார்கள். பழைய செதுக்கல்களை ஊருக்குத் திருப்பி, அங்கே புதிய செதுக்கல்களை வைப்பது என்று பிற்பாடு பேசி முடிவானது. இங்கிலாந்து வீட்டைப் போலச் செய்து ரோட்டோருவாவில் வைத்தவர்கள், ரோட்டோருவா வீட்டை அசலாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

பூங்காவை விட்டு வெளியே வரும் இடத்தில் இளவரசர் வாயில் என்ற மர வளைவு. 1901இல் வந்த கார்ன்வால், யார்க் கோமகனுக்காக, அதாவது பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவருக்காக, அமைத்தது. எதிரே மாடி வராந்தாக்களோடு நிற்கும் மர ஓட்டல் 1897இல் கட்டியது. ஆனால் இங்கே இல்லை, வைஹி என்ற தங்கச்சுரங்க ஊரில். அங்கே மதுவிலக்கு வந்து வியாபாரம் படுத்ததும் கட்டடத்தையே கழற்றி எடுத்துவந்து இங்கே மாட்டிவிட்டார்கள். மரக்கட்டடத்தில் அது ஒரு வசதி.

நடை மொத்தமும் நாலைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கால் வலித்தால் மேற்கே குயிராவ் பூங்காவில் காசில்லாமல் கால் நனைக்கத் தொட்டிகள் இருக்கின்றன. வேலி போட்ட இடத்தைத் தாண்டவேண்டாம், அங்கே சேறு கொதிக்கிறது. 2001இல் ஒரு நாள் திடீரென்று வெடித்துச் சேற்றை வாரி இறைத்த பூங்கா அது. அப்புறம், வெள்ளிக் கொலுசு, மோதிரம் எதுவும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டில் கேட்கவில்லை. ராத்திரி அறைக்கு வந்து பார்த்தால் கொலுசு பழைய வாணலி நிறத்தில் இருந்தது. பெட்டியில் இருந்த விபூதியைத் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தோம்.